240 வரிப் படம்: பழைய வீடியோ கேமும் புதிய டிவியும்

1972இல் அமெரிக்காவின் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்ற ஒடிசிதான் வீட்டு டிவியோடு இணைத்து ஆடிய முதல் வீடியோ கேம் கருவி. ரால்ஃப் பேயர் உருவாக்கிய அக்கருவியின் படம் உள்ளே போவதற்கு, அன்றைய டிவியில் ஆண்டெனா கம்பி மாட்டும் இடத்தைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே ஒரு சுவிட்ச் பெட்டியைப் பொருத்தி, ஏதோ ஒரு நிலையத்தின் ஒளிபரப்பு வருவதாக டிவியை ஏமாற்றினார்கள். திரையில் தெரிந்தவை சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும்தான். மைதானம், பேய்வீடு எல்லாம் வேண்டுமென்றால் கூடவே தந்த வண்ணப் பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று தொடங்கிய ஏமாற்று வேலை இன்றுவரை ஓயவில்லை. பழைய கன்சோல்களிலிருந்து நல்ல படம் பெற முயன்றவர்களின் வரலாறு, கன்சோல் அனுப்புவதை டிவி எப்படிப் புரிந்துகொண்டது, எப்போது புரிந்துகொள்ள மறுத்தது என்பதன் வரலாறுதான்.

சிக்கலின் வேர் 240 என்ற எண்ணில் இருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். இவற்றை ஒரே மூச்சில் வரையாமல், ஒற்றைப்படை வரிகளை ஒரு சுற்றிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த சுற்றிலுமாக, விநாடிக்கு ஏறக்குறைய 60 சுற்றுகள் படக்குழாயின் எலக்ட்ரான் கற்றை வரைந்தது. ஒரு சுற்றுக்கு 262 ½ வரிகள். அந்த அரை வரிதான் சூட்சுமம். அது இருப்பதால்தான் இரண்டாம் சுற்று, முதல் சுற்று விட்டுச்சென்ற இடைவெளிகளில் போய் விழுகிறது. மனிதர்களும் தெருக்களும் நகரும் ஒளிபரப்புக்கு இந்தப் பின்னல் முறை போதுமானதாக இருந்தது. அசையாத எழுத்தும் கூரான விளிம்பும் நிறைந்த விளையாட்டுப் படத்திலோ மெல்லிய கோடுகள் எல்லாம் நடுங்கின. 480 வரிகளை நிரப்பும் அளவுக்குக் கன்சோல்களில் நினைவகமும் இல்லை.

எனவே வடிவமைப்பாளர்கள் அந்த அரை வரியை வெட்டிவிட்டார்கள். சுற்றுக்கு 262 முழு வரிகள் என்று வைத்ததும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் அதே வரிகள்மேல் விழத் தொடங்கியது. அவற்றில் கண்ணுக்குத் தெரியக்கூடியவை சுமார் 240. இடையிலிருந்த வரிகள் வெளிச்சம் படாமல் கறுப்பாகவே நின்றன. நடுக்கமில்லாத 60 முழுப் படங்கள் ஒரு விநாடியில் கிடைத்தன. பின்னாளில் 240பி என்று பெயர் பெற்ற இந்த முறை எந்த ஒளிபரப்புத் தர விதியிலும் கிடையாது. ஆனாலும் படக்குழாய் டிவிகள் முகம் சுளிக்கவில்லை. வரி முடிந்தது, சுற்று முடிந்தது என்று சொல்லும் துடிப்புகள் வந்தால் கற்றையைத் திருப்புவது மட்டும்தான் அவற்றின் வேலை. எத்தனை வரி வந்தது என்று அவை எண்ணிப் பார்க்கவில்லை. 1977இன் அடாரி 2600 முதல் 1994இன் பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன் வரை பெரும்பாலான ஆட்டங்கள் இந்தச் சலுகையில்தான் ஓடின. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவை ஏற்ற பால் முறையிலும் இதே தந்திரம்தான். அங்கே 625 வரிகள், 50 சுற்றுகள், சுற்றுக்கு 312 வரிகள்.

விநாடிக்குப் பத்துச் சுற்று குறைந்ததற்கு ஐரோப்பியச் சிறுவர்கள் விலை கொடுத்தார்கள். ஜப்பானில் 60 சுற்றுக்கு எழுதப்பட்ட நிரலை அப்படியே 50 சுற்றில் ஓடவிட்டதால், பல ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகர்ந்தன. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. சேகா மெகா டிரைவின் சோனிக், வேகத்துக்கென்றே பிறந்த பாத்திரம், ஐரோப்பாவில் மெதுவாகத்தான் ஓடியது. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் பரவிய கன்சோல்கள் பெரும்பாலும் நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த போலிகள். 'கேசட்' செருகி ஆடிய அந்தப் பெட்டிகளில் பால் முறைக்கு மாற்றப்பட்டவை இதே மெதுவான ஆட்டத்தைத்தான் காட்டின. ஆனால் வேறு எதையும் பார்த்திராதவர்களுக்கு அதுதான் மரியோவின் இயல்பான வேகம்.

வரிகளின் எண்ணிக்கை எல்லாக் கன்சோல்களுக்கும் ஒன்றுபோல் இருந்தாலும், அவை டிவிக்குப் போன பாதைகள் வேறுவேறு. ஆண்டெனா வழிதான் ஆக மோசமானது. கன்சோலுக்குள் படமும் ஒலியும் கலந்து, ஒரு சேனலின் அலைவரிசையில் ஏறி, டிவிக்குள் மறுபடி பிரிக்கப்பட்டன. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமுக்கு இந்த ஒரு வழிதான். அதே கருவி 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்கா போனபோது, பக்கவாட்டில் காம்போசிட் இணைப்பும் சேர்ந்தது. மஞ்சள் பின் என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். அதில் அலைவரிசைத் தொல்லை இல்லை. ஆனால் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போயின. அவற்றைப் பிரிக்கும்போது டிவி தவறு செய்யும். நிறம் விளிம்பைத் தாண்டி வழியும், செங்குத்துக் கோடுகளில் புள்ளிகள் ஊரும், சிவப்பு எழுத்து கரைந்து நிற்கும். 1987இல் ஜேவிசி தன் எஸ்-விஎச்எஸ் டேப்புகளோடு பரப்பிய எஸ்-வீடியோ, வெளிச்சத்தையும் நிறத்தையும் இரு கம்பிகளாகப் பிரித்தது. 1990இன் சூப்பர் ஃபேமிகாமும் முதல் பிளேஸ்டேஷனும் அதை ஏற்றன.

இவை அனைத்துக்கும் மேலே ஆர்ஜிபி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போவதால் கலக்கவும் தேவையில்லை, பிரிக்கவும் தேவையில்லை. ஆர்கேட் கடைகளில் நின்ற பெரிய கேம் இயந்திரங்களில் பளிச்சென்று தெரிந்த படம் இவ்வகைதான். இதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை பிரான்ஸுக்கு உரியது. எழுபதுகளின் பிற்பகுதியில் அங்கே உருவான 21 முனை ஸ்கார்ட் இணைப்பை, 1980 முதல் புதிய டிவிகளில் சட்டமே கட்டாயமாக்கியது. ஐரோப்பா முழுக்க அது பரவியது. மெகா டிரைவும், சூப்பர் ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான சூப்பர் நின்டென்டோவும் ஆர்ஜிபியைத் தாமாகவே வெளியே அனுப்பக்கூடியவை. ஐரோப்பியருக்கு ஒரு கேபிள் போதும். அமெரிக்க டிவிகளில் அந்தத் துளையே கிடையாது. ஆக, 50 சுற்றில் மெதுவாக ஆடிய ஐரோப்பியரிடம் தெளிவான படம் இருந்தது. சரியான வேகத்தில் ஆடிய அமெரிக்கரிடம் கலங்கிய படம் இருந்தது. ஜப்பானிலும் அதே வடிவில் 21 முனை இணைப்பு இருந்தது. முனைகளின் ஒழுங்கு மட்டும் வேறு. வடிவத்தை நம்பி மாற்றிச் செருகுபவர் கருவியைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இன்றும் இருக்கிறது.

என்இஎஸ் இந்த ஏணியில் ஏற முடியாத கருவி. அதன் படச் சில்லு ஆர்ஜிபியை உருவாக்குவதே இல்லை. உள்ளேயே நேராகக் காம்போசிட்டைச் செய்து வெளியே தள்ளுகிறது. அதனால் அதன் நிறங்களுக்கு 'இதுதான் சரி' என்று சொல்ல எண்களும் கிடையாது. மரியோவின் வானம் எந்த நீலம் என்பதை அவரவர் டிவிதான் முடிவு செய்தது. ஆர்கேட் இயந்திரங்களுக்காக நின்டென்டோ செய்த வேறொரு ஆர்ஜிபி சில்லை எடுத்துப் பொருத்திப் பார்த்தவர்களுக்குப் படம் தெளிவாக வந்தது, நிறங்கள் சில ஆட்டங்களில் மாறிப்போயின. எது சரியான நிறம் என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை.

தெளிவு எல்லா இடத்திலும் நன்மை தரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மெகா டிரைவால் உண்மையான ஒளி ஊடுருவலைக் காட்ட முடியாது. 1991இல் வந்த சோனிக் ஆட்டத்தின் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்திய செங்குத்துக் கோடுகளால் ஆனது. காம்போசிட் கம்பியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் நீராக மாறும். ஆர்ஜிபியில் பார்த்தால் அருவி சீப்பின் பற்களாக நிற்கும். சாட்டர்னின் நிழல்களும் வலைபோன்ற புள்ளிகளால் வரையப்பட்டவை. கலைஞர்கள் தங்கள் மேசையில் இருந்த சாதாரண டிவியில் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். கம்பியின் குறையையும் வண்ணப் பெட்டியில் ஒரு வண்ணமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேம்பட்ட கேபிள் மேம்பட்ட படம் தரும் என்ற எளிய நம்பிக்கை இந்த இடத்தில் இடறுகிறது.

புதிய நூற்றாண்டை ஒட்டிக் கன்சோல்கள் 240 வரியை விட்டு விலகின. 1998இன் டிரீம்காஸ்ட், கணினித் திரைக்கே 480 முழு வரிகளை அனுப்பியது. 2000இன் பிளேஸ்டேஷன் 2 முதலியவை, படத்தை மூன்று கம்பிகளில் பிரித்தனுப்பும் காம்போனன்ட் கேபிளை ஏற்றன. 2001இன் கேம்க்யூபுக்கென்று நின்டென்டோ விற்ற காம்போனன்ட் கேபிளின் தலைக்குள் ஒரு தனிச் சில்லு இருந்தது. வாங்கியவர்கள் மிகச் சிலர் என்பதால் பின்னாளில் கன்சோலில் அதற்கான துளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கேபிள் கன்சோலைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. 2002 இறுதியில் எச்டிஎம்ஐ தரம் வெளியானது; 2006இன் பிளேஸ்டேஷன் 3 அதோடுதான் வந்தது.

அதே காலத்தில் தட்டைத் திரைகள் வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றில் கற்றை இல்லை, வரியும் இல்லை. நிலையான எண்ணிக்கையில் பிக்சல்கள் மட்டுமே. எந்தப் படம் வந்தாலும் அதைத் தன் பிக்சல்களுக்கு நீட்டியோ சுருக்கியோதான் காட்ட முடியும். அதற்கு முதலில் வந்தது என்ன படம் என்று தெரிய வேண்டும். 240பி எந்த விதியிலும் இல்லாதது இப்போதுதான் வினையானது. பல டிவிகள் அதை ஒளிபரப்பின் பின்னல் படம் என்று நினைத்தன. இல்லாத பின்னலைப் பிரிக்க, அடுத்தடுத்த இரு படங்களை ஒன்றாக ஒட்டின. ஓடும் பாத்திரத்தின் விளிம்பு பல்வரிசையானது. அடிபட்ட வீரன் ஒரு படத்தில் தோன்றி மறு படத்தில் மறைவதாக மினுக்கும் காட்சிகளில், வீரன் முழுக்கவே காணாமல் போனான். சில டிவிகள் காம்போனன்ட் வழியே 240 வரி வந்தால் கறுப்புத் திரையைக் காட்டிப் பேசாமல் இருந்தன.

இதைவிடக் கொடியது தாமதம். படக்குழாயில் கன்சோல் அனுப்பிய வரி அந்த நொடியே ஒளிர்ந்தது. தட்டைத் திரை படத்தைச் சேமித்து, அலசி, மெருகேற்றிய பிறகே காட்டியது. ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிவிநாடி. ஆரம்பகாலத் தட்டை டிவிகள் சிலவற்றில் இந்தத் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தொட்டது; அதாவது பொத்தானை அழுத்தி ஆறு படங்கள் கழித்துத்தான் மரியோ குதிப்பான். திரைப்படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆடுபவருக்கோ ஆட்டமே கெட்டது. டிவி நிறுவனங்கள் பின்னர் 'கேம் மோட்' என்று ஒன்றைச் சேர்த்து மெருகு வேலைகளை நிறுத்தின. 4:3 வடிவப் படத்தை 16:9 திரை முழுக்க இழுத்து, பாத்திரங்களைக் குண்டாக்கும் வழக்கத்தை மட்டும் பல வீடுகள் இன்னும் விடவில்லை.

தீர்வுக்கான கருவி ஜப்பானில் முன்பே தயாராக இருந்தது, வேறொரு தேவைக்காக. மைகாம்சாஃப்ட் என்ற பெயரில் டெம்பா நிறுவனம் எண்பதுகளில் ஆர்கேட் ஆட்டங்களைக் கணினிகளுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. இடவசதி குறைந்த ஜப்பானிய அறைகளில் கணினித் திரையிலேயே கன்சோலையும் ஆட விரும்புபவர்களுக்காக அது எக்ஸ்ஆர்ஜிபி என்ற மாற்றிகளைச் செய்தது. வரிகளை இரட்டித்துக் கணினித் திரைக்கு ஏற்ற வேகத்தில் கொடுப்பது அவற்றின் பணி. இந்த வரிசையில் 2010களின் தொடக்கத்தில் வந்த ஃபிரேம்மைஸ்டர், 240 வரியை 240 வரியாகவே அடையாளம் கண்டு, எச்டிஎம்ஐ வழியே உயர் தெளிவுத் திரைக்கு அனுப்பியது. தட்டைத் திரையில் பழைய ஆட்டம் கூர்மையாகத் தெரியக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டியது அதுதான். குறைகளும் இருந்தன. ஒரு படத்துக்குச் சற்று மேலான தாமதம் இருந்தது. 240 வரியிலிருந்து 480 வரிப் பின்னலுக்கு ஆட்டம் நடுவில் மாறினால், சில விநாடிகள் திரை இருண்டுவிடும். சில பிளேஸ்டேஷன் ஆட்டங்களில் பட்டியல் பக்கம் திறக்கும்போதெல்லாம் இப்படி நடந்தது.

2010களின் நடுவில் பின்லாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹீயென்கரி வேறு வழியில் போனார். முழுப் படத்தையும் சேமிப்பதால்தானே தாமதம்? ஓஎஸ்எஸ்சி என்ற அவரது திறந்த வடிவமைப்புக் கருவி, ஒரு வரியை வாங்கிய கையோடு அதையே இரண்டு முதல் ஐந்து முறை அனுப்பிவிடும். தாமதம் ஏறக்குறைய இல்லை. ஆனால் கன்சோலின் ஒழுங்கற்ற வேகத்தை அது திருத்துவதில்லை. என்இஎஸ்ஸும் சூப்பர் நின்டென்டோவும் விநாடிக்கு, ஒளிபரப்பைப் போல 59.94 அல்ல, 60.1 படங்களை அனுப்புகின்றன. இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டே சில டிவிகள் படத்தை ஏற்க மறுத்தன. அமெரிக்காவின் மைக் சீ வடிவமைத்த ரெட்ரோடிங்க் வரிசை அடுத்த படி. 2018இன் 2எக்ஸ் மலிவான எளிய இரட்டிப்பான். 2021இன் 5எக்ஸ் புரோ, தாமதத்தை மிகக் குறைவாக வைத்துக்கொண்டே பின்னலையும் ஒழுங்காகப் பிரித்தது. இவற்றைச் சோதிக்கவும் நிறங்களைச் சீர்செய்யவும் மெக்சிகோவின் ஆர்டெமியோ உர்பினா எழுதிய 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச நிரல்தான் எங்கும் அளவுகோல்.

கம்பியையே தவிர்க்க முனைந்தவர்களும் உண்டு. கன்சோலைத் திறந்து, சில்லுக்குப் பக்கத்திலேயே எச்டிஎம்ஐ பலகையைப் பற்றவைப்பது ஒரு முறை. பழைய சில்லுகளின் செயலை எஃப்பிஜிஏ என்னும் மாற்றியமைக்கத்தக்க சில்லில் மறுபடி கட்டுவது இன்னொன்று. 2018இல் அனலாக் நிறுவனம் விற்ற சூப்பர் என்டி, அசல் கேசட்டைச் செருகினால் நேராக 1080 வரிப் படம் தந்தது. திறந்த திட்டமான மிஸ்டர், ஒரே பலகையில் பல கன்சோல்களைக் கட்டியது. 2016இல் நின்டென்டோவே வெளியிட்ட சிறு என்இஎஸ் பெட்டியில் மூன்று காட்சி முறைகள் இருந்தன: பிக்சல்களைச் சதுரமாகக் காட்டுவது, 4:3 வடிவில் காட்டுவது, பழைய டிவிபோல மங்கலாகக் காட்டுவது. சதுரப் பிக்சல் அழகாகத் தோன்றினாலும் வரலாற்றுக்குப் பொருந்தாது. சூப்பர் நின்டென்டோவின் 256 பிக்சல்கள் 4:3 திரை முழுக்கப் பரவியவை. அங்கே ஒரு பிக்சலின் அகலம் உயரத்தைவிடச் சற்று அதிகம்.

கூர்மை கைக்கு வந்ததும், ஏதோ ஒன்று தொலைந்ததை ஆர்வலர்கள் உணர்ந்தார்கள். வரிகளுக்கு இடையிலிருந்த கறுப்பு இடைவெளி, பாஸ்பரின் ஒளிர்வு, நிழல்மறைப்பின் நுண்துளைகள் எல்லாம் சேர்ந்துதான் 240 வரிகளைக் கண்ணுக்கு நிறைவான படமாக்கின. அவை இல்லாதபோது முகம் கட்டங்களாகச் சிதறுகிறது. தொலைக்காட்சி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பயன்பட்டு ஒதுக்கப்பட்ட சோனியின் பிவிஎம் தொழில்முறைத் திரைகளைத் தேடிப் பிடிக்கும் மோகம் இதிலிருந்து பிறந்தது. ஒரு காலத்தில் கழிவாகக் கிடந்தவற்றின் விலை ஏறியது. படக்குழாய் வீட்டு டிவிகளின் தயாரிப்பு நின்றுவிட்டதால், கெடுகிற ஒவ்வொன்றும் இழப்புதான்.

மாற்றாக, அந்தக் குறைகளையே கணக்கிட்டுத் திரையில் வரையும் வேலை நடந்தது. அதற்கு 1080 வரிகள் போதவில்லை. 240ஐ முழு எண்ணால் பெருக்கினால் 960 அல்லது 1200தான் வரும். 1080க்கு நாலரை மடங்கு என்பதால் வரிகள் சீரற்றுத் தடிக்கும். 4கே திரையின் 2160 வரிகள் 240இன் சரியான ஒன்பது மடங்கு. ஒவ்வொரு பழைய வரிக்கும் ஒன்பது புதிய வரிகள் கிடைப்பதால், நடுவில் ஒளியும் ஓரத்தில் இருளுமாக ஒரு கற்றையின் தழும்பை நம்பத்தக்க வகையில் வரைய முடிகிறது. 2023 இறுதியில் 750 டாலர் விலையில் வந்த ரெட்ரோடிங்க் 4கே இதற்கென்றே செய்யப்பட்டது. கறுப்பு இடைவெளிகளால் குறையும் வெளிச்சத்தை எச்டிஆர் முறையால் ஈடுகட்டுகிறது. படங்களுக்கு இடையே கறுப்புப் படத்தைச் செருகி, நகரும் காட்சியின் மங்கலைக் குறைக்கிறது. காம்போசிட்டையே அதில் செருகி, சோனிக்கின் அருவியை மறுபடி நீராக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் செய்வதில் பிழையில்லை.

செலவு என்று பார்த்தால் முதலில் வருபவை இலவசமானவை: டிவியில் கேம் மோட், 4:3 வடிவம், கூர்மையேற்றும் வசதிகளை அணைப்பது. அடுத்தது, அந்தக் கன்சோல் தரக்கூடிய மேலான கேபிள். ஃபிரேம்மைஸ்டர், ரெட்ரோடிங்க் போன்ற ஸ்கேலர் அதற்குப் பிறகுதான். மோசமான கேபிளின் கசிவை எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேலரும் பெரிதாக்கித்தான் காட்டும். ஒன்றே ஒன்று மட்டும் இவை எதற்கும் அடங்கவில்லை. 1984இன் டக் ஹன்ட்டில் வாத்து சுட்ட ஒளித் துப்பாக்கி, விசையை அழுத்தியதும் திரை கறுத்து, இலக்கு வெள்ளையாக மின்னும் அந்தக் கணத்தில் படக்குழாயின் ஒளித் துடிப்பைப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. தட்டைத் திரையில் அந்தத் துடிப்பு இல்லை. மாற்றம் செய்யாத அசல் துப்பாக்கியால் ஆட விரும்புபவருக்குப் படக்குழாய் டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.